மதினி அழுத படம்

எங்கள் அண்ணன் பர்மாவிலிருந்து திரும்பி வந்தபோது எனக்குப் பதினேழு வயது. அதற்கு முன் அவரைப் பார்த்த நினைவே எனக்கு இல்லை. நான் கைக்குழந்தையாக இருந்தபோது தாய்மாமனோடு கப்பலேறிப் போனவர் அவர். ரங்கூனில் ஒரு பலசரக்குக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு சொந்தமாகக் கடை வைத்து, அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டார். அறுபதுகளின் நடுவில் அந்த நாட்டு அரசாங்கம் கடைகளையெல்லாம் எடுத்துக்கொண்டது. அண்ணனும் அவர் மனைவியும் ஒரே ஒரு டிரங்குப் பெட்டியோடு சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, ரயிலேறி, ஆமத்தூருக்கு வந்து சேர்ந்தார்கள்.

அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் மதினி என்போம். மதினி தமிழச்சிதான், ஆனால் பிறந்தது ரங்கூனில். அவளைப் பெற்றவர்கள் அங்கேயே பிழைத்து அங்கேயே செத்துப்போனவர்கள். இந்தியாவை அவள் முதன்முதலாகப் பார்த்தது கப்பல் தட்டில் நின்றுதான்.

ஊர் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தது. கரிசல் காட்டில் பருத்தி எடுக்கப் போனால் அரை நாளில் தலைசுற்றி உட்கார்ந்துவிடுவாள். ஏதோ ஒரு மரப்பட்டையைச் சந்தனம் போல அரைத்துக் கன்னத்தில் பூசிக்கொள்வாள். கிணற்றடியில் பெண்கள் அதைப் பார்த்து, “பர்மாக்காரி வேஷம் கட்டிட்டா” என்று சிரிப்பார்கள். கொண்டுவந்த பட்டை தேய்ந்து தீர்ந்த பிறகு வெறும் முகத்தோடு திரிந்தாள். யாரோடும் அதிகம் பேசமாட்டாள். எப்போதாவது நாலு தூறல் விழுந்தால் மட்டும் வாசலுக்கு ஓடிவந்து முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்பாள்.

எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது. சீனாக்காரன் சண்டை நடந்தபோது காதில் கிடந்த தோட்டைக் கழற்றி யுத்த நிதிக்குக் கொடுத்தவள் நான். பள்ளிக்கூட நாடகத்தில் பாரதமாதா வேஷம் போட்டு, கை வலிக்க வலிக்கக் கொடியைப் பிடித்து நின்றவள். சொந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த பிறகும் ஒருத்தி இப்படி முகம் வாடிக் கிடப்பாளா என்று மனசுக்குள் பொருமிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில் விருதுநகர்க் கொட்டகையில் ஒரு சுதந்திரப் போராட்டப் படம் ஓடியது. எங்கள் வகுப்புப் பிள்ளைகள் பாதிப்பேர் பார்த்துவிட்டு வந்து அதே பேச்சாக இருந்தார்கள். இந்தப் படத்தை மதினிக்குக் காட்டினால் இந்த மண்மேல் அவளுக்கு ஒரு பாசம் வந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் ஆட்டத்துக்குப் போகலாமென்று அம்மாவிடம் கேட்டேன்.

“ரெண்டு பொம்பளைகளும் தனியாவா போறீக?” என்று அம்மா இழுத்தாள். பிறகு மதினியின் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி, போயிட்டு வெளிச்சத்தோட வந்து சேருங்க” என்றாள்.

பெண்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தோம். படத்தின் பெயர் இப்போது நினைவில் இல்லை. கதை மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. ஒரு கிராமத்து இளைஞன் வெள்ளைக்காரனை எதிர்த்ததற்காக அந்தமான் சிறைக்குப் போகிறான். அவன் திரும்பி வருவான் என்று ஊர் எல்லையில் காத்துக் காத்துத் தாய் செத்துப்போகிறாள். சுதந்திரம் வந்து அவன் விடுதலையாகி வருகிறான். தாயைப் புதைத்த இடத்தில் விழுந்து, இரண்டு கையாலும் மண்ணை அள்ளி நெற்றியில் வைத்துக்கொள்கிறான்.

கொட்டகை முழுக்கக் கைதட்டல். ஆண்கள் பக்கத்திலிருந்து யாரோ கோஷம் போட்டார்கள். எனக்குப் புல்லரித்தது. அப்போதுதான் பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டுத் திரும்பினேன். மதினி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். தோள் குலுங்க, மூச்சு முட்ட அழுதாள். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண், “பாவம், எம்புட்டு இளகின மனசு” என்று அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். எனக்குள் சந்தோஷம் தாங்கவில்லை. நான் நினைத்தது நடந்துவிட்டது என்றே நம்பினேன்.

ஆமத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது நானே பேச்செடுத்தேன்.

“பாத்தீகளா மதினி, நம்ம நாட்டுக்காக எப்படியெல்லாம் கஷ்டப்பட்டிருக்காகன்னு?”

“ஆமா தாயி. எனக்கு எங்க ஊரு ஞாபகம் வந்துருச்சு.”

“எந்த ஊரு?”

“ரங்கூன்தான்.”

எனக்குச் சுருக்கென்றது. வாய்க்கு வந்ததைக் கேட்டுவிட்டேன். “இங்கன சோத்தைத் தின்னுக்கிட்டு, வெரட்டிவிட்ட நாட்டுக்கா அழுதீக? அது அந்நிய நாடு மதினி. வெக்கமா இல்ல ஒங்களுக்கு?”

மதினி நின்றுவிட்டாள். கோபப்படவில்லை. பருத்திக் காட்டைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்.

“நான் பெத்த மக அங்கன கெடக்கா தாயி. மூணு வயசு. காய்ச்சல்ல போயிட்டா. ஊருக்கு வெளிய ஒரு மரத்தடியில பொதச்சோம். கப்பலுக்கு வர்ற அன்னைக்கு ஓடிப்போயி அந்த எடத்துல ஒரு பிடி மண்ணை அள்ளித் துணியில முடிஞ்சுக்கிட்டேன். அங்கன தொறமுகத்துல பெட்டியப் பிரிச்சுப் பாத்தவன், நகையத்தான் முடிஞ்சு வச்சிருக்கேன்னு நெனச்சு அவுத்தான். மண்ணுன்னு தெரிஞ்சதும் தரையில உதறிட்டான். குனிஞ்சு அள்ளக்கூட விடல. வரிசை நகருது, போ போன்னு தள்ளுறாங்க. இன்னைக்குப் படத்துல அந்தப் பையன் மண்ணை அள்ளுனானில்ல, அதைப் பாத்ததும் என்னால அடக்க முடியல.”

அவ்வளவுதான் சொன்னாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தாள். வீடுவரை அவள் பின்னாலேயே நடந்தேன்.

அண்ணன் மகளாக எனக்கு ஒரு மருமகள் பிறந்து இறந்தது அன்றுவரை எனக்குத் தெரியாது. அம்மாவிடம் கேட்டேன். “கடுதாசி வந்துச்சு. நீ சின்னப்பிள்ளை, ஒனக்கெதுக்குன்னு சொல்லல. அவகிட்டயும் அதைக் கிண்டாத” என்றாள்.

மறுநாள் காலையில் காட்டுக்குப் போனேன். அதுவரை எனக்கு நாடு என்றால் கொடி, மேடை, புத்தகத்தில் இருக்கும் வரைபடம். அன்று எங்கள் நிலத்தின் வரப்பில் உட்கார்ந்து, நாளைக்கே இதை விட்டுக் கிளம்பு என்று ஒருவன் சொன்னால் என்ன செய்வேன் என்று நினைத்துப் பார்த்தேன். வெடித்த கரிசல், உப்புக் கிணறு, ஓடையோரத்தில் என்னைப் பெற்ற ஐயாவை எரித்த இடம், எதையும் பெட்டியில் வைக்க முடியாது. எனக்கு அழுகை வந்தது. அந்த மண்ணை அத்தனை ஆசையாக அதற்கு முன் நான் பார்த்ததில்லை. மதினியிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எழுந்தேன். வீட்டுக்கு வந்தபோது அவள் அடுப்பூதிக்கொண்டிருந்தாள். “சாப்பிடுறியா தாயி?” என்று கேட்டாள். தலையை மட்டும் ஆட்டினேன். அதன்பின் அவள் என் முன்னால் ரங்கூன் என்ற வார்த்தையை எடுக்கவே இல்லை.

அண்ணன் சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் காலண்டர் விளிம்புக்குத் தகரப்பட்டை அடிக்கும் வேலைக்குப் போனார். சீசன் முடிந்ததும் வேலை நின்றது. அவரைப் போலவே திரும்பி வந்தவர்கள் சிலர் மணிப்பூர்ப் பக்கம் போய், அங்கிருந்து நடந்தே எல்லை தாண்டிப் பர்மாவுக்குப் போவதாக ஒரு பேச்சு கிளம்பியது. அம்மா எவ்வளவோ கெஞ்சியும் கேட்காமல் இருவரும் கிளம்பினார்கள். பஸ் ஏறும்போது மதினியின் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு தெளிச்சல் இருந்தது.

அவர்களை எல்லையைத் தாண்ட விடவில்லை. திருப்பி அனுப்பப்பட்டவர்களோடு இந்தப் பக்கமே ஒரு குடிசை போட்டுக்கொண்டார்கள். அண்ணன் எழுதிய கடிதத்தின் அடியில் மதினி கோணல் எழுத்தில் நாலு வரி சேர்த்திருந்தாள்: “தாயி, இங்கன நிண்டு பாத்தா அந்தப் பக்கத்து மலை தெரியுது. மழை பெய்யுது. தண்ணி இனிக்குது. ஒங்க நாட்டுலதான் இன்னும் இருக்கேன், கவலைப்படாத.”

அந்தக் கடைசி வரிக்குப் பதில் எழுத மூன்று தரம் உட்கார்ந்தேன். அன்று பேசியதற்கு மன்னிப்புக் கேட்டு எழுதுவேன், எழுதியதும் கிழித்துவிடுவேன். நேரில் வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டு வருஷம் கழித்து சாவுச் சேதிக்கு அடையாளமாக ஓரம் கிழித்த கார்டு ஒன்று வந்தது. மலைக் காய்ச்சலில் மதினி போய்விட்டாள் என்று அண்ணன் எழுதியிருந்தார். மலை தெரிகிற மேட்டில் வைத்து எரித்ததாகவும், தான் இனி ஊருக்கு வரப்போவதில்லை என்றும் எழுதியிருந்தார்.

அம்மாவுக்கு அதை நான்தான் படித்துக் காட்டினேன். அம்மா அழுது முடித்து வெகுநேரம் கழித்து, “அந்தப் பிள்ளைக்குப் பக்கத்துலயாவது போயிச் சேந்தாளா?” என்று கேட்டாள். ரங்கூன் அங்கிருந்து இன்னும் எத்தனையோ தூரம் என்று எனக்குத் தெரியும். ஆமாம்மா, பக்கம்தான் என்று சொன்னேன்.