குரோவின் காலடிக் கம்பளம்

நார்வேயின் தெலமார்க் மலைக்காட்டு ஊரொன்றில் மளிகைக் கடை நடத்தும் குரோவுக்கு இரண்டு பயம். ஒன்று கரடி. மற்றது, "பெரிய இவ!" என்று ஊர் சொல்லிவிடுமோ என்பது. கரடியை அவள் பார்த்ததே இல்லை.

அவள் வாசிப்பது எட்டுத் தந்திப் பிடில். மேல் நான்கை வில் தொட்டால் கீழ் நான்கும் தாமே முனகும். அந்த ஊர் ஆட்டப் பாட்டின் தாளத்துக்கு மூன்று அடி. முதலடி நீளம், கடைசியடி குட்டை. வாசிப்பவரே காலால் தரையை உதைத்து அதைக் காட்ட வேண்டும்.

கணவன் தர்யை மரம் வெட்டுகிறவன். காதுக்கு மூடி போடுவது கோழைத்தனம் என்று இயந்திர ரம்பத்தோடு காலம் தள்ளியதில் காது போயே போய்விட்டது. சமையலறைப் பலகைத் தரையில் காலுறையோடு பாதத்தை ஊன்றி, அவள் வாசிப்பதைக் காலால்தான் கேட்பான். கேட்டுவிட்டுக் குறையும் சொல்வான். அந்தக் குறைகள் என்றால் அவளுக்கு உயிர்.

கோடை விடுமுறைக்கு வந்த ஓஸ்லோ பியானோக்காரன் ஹென்னிங், ஜாஸும் இந்தப் பாட்டும் சேர்த்து ஊர் மன்றத்தில் கச்சேரி வைக்கலாம் என்றான். நடுவில், தர்யை காட்டில் கட்டிய கவிதையை அவள் சொல்ல வேண்டும். மன்றத்திலும் பலகைத் தரை, அவனுக்குக் கேட்கும் என்றுதான் குரோ ஒப்புக்கொண்டாள்.

ஒத்திகையில் மைக் அவள் உதையை இடியாக்கிவிட்டது. மன்றச் சமையலறையில் வாஃபிள் அப்பம் சுட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஓஸ்னே எட்டிப் பார்த்தாள்.

"என்னடி குரோ, காட்டுமான் உள்ள புகுந்துடுச்சோன்னு பயந்துட்டேன்!"

குரோவுக்கு மானம் போனது. வீட்டுக் கந்தல் கம்பளத்தைக் கொண்டுவந்து, மடித்துக் காலடியில் போட்டாள்.

"வேண்டாம் குரோ, அந்தச் சத்தத்தை நம்பித்தான் எங்க டிரம்ஸ்காரரே இருக்காரு," என்றான் ஹென்னிங்.

"நீங்க ஓஸ்லோவுக்குப் போயிடுவீங்க. நான் இங்கதானே கடை திறக்கணும்?"

கச்சேரியன்று தர்யை பூட்சைக் கழற்றிவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்தான். பியானோவோடு பிடில் சேர்ந்து ஏறியது. அவன் முகத்தில் ஒன்றுமில்லை. பாதத்தை இங்கும் அங்கும் மாற்றி வைத்துப் பார்த்தான். பிறகு, இதுவும் போய்விட்டதா என்பதுபோல் குனிந்து தன் கால்களையே பார்த்தான்.

குரோ அதைக் கண்டாள். ஊர் வாய்க்குப் பயந்து இந்த மனிதனை வாசலிலேயே நிறுத்திவிட்டோமே! வில்லை நிறுத்தாமலே கம்பளத்தை எத்தித் தள்ளினாள். பலகை அதிர உதைத்தாள். டிரம்ஸ்காரர் தடுமாறி, அவள் காலைப் பார்த்துப் பிடித்துக்கொண்டார்.

தர்யை நிமிர்ந்தான். கால் தாளத்தை விடாமல், அவனைப் பார்த்தே அவள் கவிதையைச் சொன்னாள்.

"பைன்மரம் விழுந்த இடத்தில்
வெயில் வந்து நிற்கிறது.
அதை யார் வெட்டுவது?"

அவன் உதடும் கூடவே அசைந்தது. அப்புறம், காது கேளாதவர்களுக்கே உரிய உரத்த குரலில் கத்தினான்:

"கடைசியடி நீளுதுடி! அதுக்குள்ள ஒரு மரத்தையே சாய்ச்சிடலாம்!"

மன்றமே சிரித்தது. குரோ அழுதுகொண்டே அடுத்த கடைசியடியைக் குட்டையாக உதைத்தாள்.