பின் இருக்கையிலிருந்து வந்த சீப்பு

போன வருடம் ஐப்பசி மழையில் நடந்தது இது. ராசிபுரத்துக்குப் புதிதாகக் குடி வந்திருந்தோம். 'வந்தோம்' என்று பேச்சுக்குத்தான் சொல்கிறேன். கணவர் ரிக் லாரியோடு ஒடிசாவுக்கு ஆழ்துளைக் கிணறு போடப் போய்விட்டார். மாடியில் துணி எடுக்க ஓடிய நான் வழுக்கி விழுந்து வலது கையை ஊன்றினேன். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே உள்ள இரண்டு எலும்பும் முறிந்துவிட்டன.

சேலம் டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கினார். சுண்டுவிரல் பக்கத்து எலும்பு அசையாமல் நிற்க, கட்டைவிரல் பக்கத்து எலும்பு அதன்மேல் புரளுமாம். அதனால்தான் உள்ளங்கையைத் திருப்ப முடிகிறதாம். நல்லவேளை, எலும்பு விலகவில்லை. புரளாமல் இருக்க மேல்கை வரை மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்.

இடது கையால் சாப்பிடப் பழகிவிட்டேன். தலைமுடிதான் பெரும் பாடு. இடுப்புக்குக் கீழே தொங்கும் முடியை ஒற்றைக் கையால் என்ன செய்வது? ரப்பர் பேண்டைப் பல்லால் இழுத்து மாட்டிப் பார்த்துத் தோற்று அழுதிருக்கிறேன். கணவர் போனில் கேட்டால், "பக்கத்து ஊட்டு அக்கா பின்னி உடறாங்க" என்பேன். அந்த அக்காவின் பெயர்கூட எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் செய்திருப்பார், எனக்குத்தான் வாய் வரவில்லை.

மறுபடி டாக்டரைப் பார்க்கப் போன அன்று, சேலத்தில் இறங்கியதும் முடியைக் கழுத்தோடு வெட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். தலைவிரி கோலமாக பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். காற்றில் பறந்த முடி பின் இருக்கையில் இருந்த அம்மாவின் முகத்தில் அடித்திருக்கிறது. திட்டப் போகிறார் என்று திரும்பினேன். அவர் என் கையைப் பார்த்தார்.

"தல வாரி உட ஊட்டுல ஆரும் இல்லீங்களா சாமி?"

"இல்லீங்க" என்றேன். விழுந்த நாளிலிருந்து அந்த உண்மையை நான் யாரிடமும் சொன்னதில்லை.

"நேரா உக்காருங்க" என்று பையிலிருந்து சீப்பை எடுத்தார். பஸ் குலுங்கக் குலுங்கச் சிக்கெடுத்தார்.

"வலிக்குதுங்களா?"

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டு அழுதேன். அது சிக்கெடுத்த வலி இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும், முடியைப் பிரித்துப் பின்னத் தொடங்கினார். யாருக்கோ வாங்கிப்போன கனகாம்பரத்தில் பாதியைக் கிள்ளி வைத்துவிட்டு மல்லூரில் இறங்கிவிட்டார்.

அன்று முடியை வெட்டவில்லை. பூ வாடி உதிர்ந்த பிறகும் அந்தப் பின்னலை அவிழ்க்க மனம் வரவில்லை. அது தானாகக் கலைந்த காலையில், சீப்பை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.

இப்போது எலும்பு கூடிவிட்டது. உள்ளங்கை நன்றாகத் திரும்புகிறது. பின்னலும் நானே போட்டுக்கொள்கிறேன். ஆனாலும் கண்ணாடி முன் தனியாக நிற்கும் காலைகளில், பின்கழுத்தில் பட்ட அந்த அம்மாவின் விரல்களை மனசு தேடத்தான் செய்கிறது.