பழப்புளியில் மினுக்கிய அமெரிக்கப் பவுண்

பழப்புளியையும் அடுப்புச் சாம்பலையும் பிசைந்தால் எழும் வாடை மூக்கு நுனியை மெல்லக் கடிக்கும். அந்தக் கலவையை விரலில் தொட்டு, என் பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதான ஒரு தங்கக் காசின்மேல் வட்டம் வட்டமாகத் தேய்ப்பதுதான், யாழ்ப்பாணத்தில் எட்டு வயது தொடங்கி ஒவ்வொரு நவராத்திரிக்கும் முதல்நாள் எனக்கு ஒதுக்கப்பட்டிருந்த வேலை. மற்றக் காசுகளில் ராசாவின் தலை மேடாக எழும்பி நிற்கும். இதிலோ எல்லாமே பள்ளத்துக்குள் அமிழ்ந்து கிடந்தன: ஒரு பக்கம் இறகுகள் செருகிய தலையலங்காரத்தோடு ஒரு மனிதர், மறுபக்கம் அம்புக் கட்டின்மேல் நிற்கும் ஒரு கழுகு. அம்மா அந்தக் கழுகைக் "கருடன்" என்று தீர்மானித்திருந்தார். அமெரிக்க அரசிடம் கருத்துக் கேட்கவில்லை.

காசைக் கொண்டுவந்தவர் கப்பலில் சமையல்காரராக இருந்த சித்தப்பா. மணிலாவிலிருந்து அவர் ரேடியோ கொண்டுவருவார் என்று அப்பா வழிமேல் விழிவைத்திருக்க, அவர் "அண்ணி, இது அமெரிக்கன் பவுண், லேசில கிடையாது" என்று அரைப் பவுண் நிறையுள்ள இந்த இரண்டரை டொலர்க் காசை அம்மாவின் கையில் வைத்தார். அப்பா அதன் பிறகு ஒரு கிழமை சித்தப்பாவோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. எங்கள் பகுதிப் பத்தரோ அதை உரைகல்லில் இழுத்துப் பார்த்து, "மாத்துக் குறைவு, தங்கச்சி. இங்கிலீசுப் பவுணுக்குக் கிட்டவும் நிக்காது" என்று சொல்லிவிட்டார். அந்த அவமானத்தை அம்மா மறக்கவில்லை. மாற்றில் தோற்றது மினுக்கத்தில் வெல்ல வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, நவராத்திரிக் கும்பத்துக்குள் போடும் அந்தக் காசில் ஒரு பொட்டு மங்கல் தெரிந்தாலும் விடமாட்டார். "மங்கின காசைக் கும்பத்துக்கை போடுறதோ? அவ என்ன நினைப்பா?" என்பார். "அவ" என்பது இலட்சுமி.

நான் அப்போதே ஒழுங்குமுறைப் பைத்தியம். முதலில் வெந்நீர், பிறகு புளி, பிறகு சாம்பல், பிறகு பழைய பல்துலக்கும் தூரிகை, கடைசியாக அப்பாவின் கிழிந்த வேட்டித் துண்டு. இந்த வரிசையை நானே வகுத்து, நானே அதை மீறாமல் பார்த்துக்கொண்டேன். எனக்குப் பத்து வயதான வருடம், கழுகு நிற்கும் அம்புகளின் நுனிக்கு இடப்பக்கத்தில், அரிசிக் குருணையில் பாதியளவுகூட இல்லாத ஒரு திட்டு விரலில் தட்டுப்பட்டது. அந்தக் காசில் எல்லாம் பள்ளமாக இருக்க, அது ஒன்றுதான் மேடு. மேடாக இருப்பது ஒட்டிக்கொண்ட ஊத்தைதான் என்று நான் முடிவெடுத்ததில் இன்றைக்கும் ஒரு தர்க்கப் பிழையும் காணமுடியவில்லை. புளிக்கும் சாம்பலுக்கும் அது மசியாததால், அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து ஒரு "சட்டை ஊசி"யை எடுத்துச் சுரண்டினேன். அந்த வருடம் முடியவில்லை. அடுத்த வருடம் தொடர்ந்தேன். அதற்கடுத்த வருடம் அந்த இடத்தைத் தடவினால் ஒன்றும் தட்டுப்படவில்லை, அம்மா காசை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "என்ர பொடியன் மாதிரி ஆராவது மினுக்குவினமோ?" என்று பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி சொன்னார். பள்ளிக்கூடத்தில் வாங்கிய பரிசுகள் எதுவும் எனக்கு இவ்வளவு நினைவில் இல்லை.

பிற்காலத்தில் ஒக்லாந்துக்கு வந்து, ஓய்வு பெறும்வரை ஓர் அலுவலகத்தில் பிறர் நிரப்பிய படிவங்களில் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பும் தொழிலை மனச்சாட்சியோடு செய்தேன். ஓய்வுக்குப் பிறகு, சேமிப்பில் ஒரு பங்கைப் பழைய அமெரிக்கத் தங்கக் காசுகளில் போட்டு, தரச்சான்றோடு பிளாஸ்டிக் உறைக்குள் அடைக்கப்பட்ட நான்கு காசுகளுக்கு உரிமையாளனானேன். "டாட், இட்ஸ் ஜஸ்ட் மெட்டல்" என்று மகன் தோளைக் குலுக்கினான். வெறும் உலோகம் இல்லை என்று நிரூபிக்கவே நான் கிடைத்ததையெல்லாம் படித்தேன். முதல் விதியே என்னைச் சுட்டது: பழங்காசை ஒருபோதும் துலக்காதே. துலக்கிய காசு, சேகரிப்பவர்களின் கண்ணில் ஊனப்பட்ட காசு.

பிறகு அந்தப் பக்கத்துக்கு வந்தேன். 1911 என்று பொறித்த இரண்டரை டொலர்க் காசுகளில் பெரும்பாலானவை பிலடெல்பியாவில் அடித்தவை. அவற்றில் அடித்த இடத்தைக் குறிக்கும் எழுத்து எதுவும் இல்லை, விலையும் தங்கத்தின் விலையைவிட அதிகம் இல்லை. கொஞ்சம் காசுகள் மட்டும் டென்வரில் அடித்தவை. அவற்றில் சின்னதாக ஒரு D இருக்கும், அதற்காகவே விலை பல மடங்காகும். காசு முழுவதும் பள்ளமாக இருக்க, அந்த எழுத்து மட்டும் மேடாக நிற்கும். அது இருக்கும் இடத்தைக் காட்டப் படத்தில் ஓர் அம்புக்குறி போட்டிருந்தார்கள். எனக்கு அம்புக்குறி தேவைப்படவில்லை.

அம்மாவின் காசு 1911. அது அக்காவிடம் இருந்தது. ஒக்லாந்திலேயே வெஸ்ட்கேட்டில் மகனோடு இருக்கும் அக்கா, அந்த மகனின் கலியாணம் நிச்சயமானதும் தொலைபேசியில் சொன்னார்:

"தம்பி, பொன்னுருக்குக்கு அம்மான்ர காசு இருக்கு. புதுசா ஒண்டும் வாங்கத் தேவையில்லை."

பொன்னுருக்கு என்றால் தெரியும்தானே: கலியாணத்துக்கு முன் ஒரு நல்ல நாளில், மாப்பிள்ளை வீட்டில் எல்லோரும் பார்த்திருக்க, ஒரு பொற்காசைப் பத்தர் உருக்குவார், அந்தப் பொன்னில்தான் தாலி.

"அக்கா, பொறுங்கோ. அது உருக்கிற காசு இல்லை."

"பின்னை என்ன, தின்னுற காசோ?"

நான் எழுத்தைப் பற்றி மட்டும் விளக்கினேன், ஊசியைச் சொல்லவில்லை; ஒரு தடயமாவது மிஞ்சியிருக்கும் என்று நம்பினேன். அக்கா கேட்டுவிட்டு, "சரி, உன்ர எழுத்து இருக்கெண்டு ஆராவது படிச்ச ஆள் சொல்லட்டும், நான் உருக்கேல்லை. இல்லையெண்டா நீ வாய் திறக்கப்படாது" என்றார். பொன்னுருக்குக்கு மூன்று கிழமை இருந்தது.

அந்த மூன்று கிழமையில், நான் ஆயுள் முழுக்கப் பிறருக்குப் பரிமாறியதை எனக்கே பரிமாறினார்கள். தரச்சான்றுக்குக் காசை அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டும். காப்புறுதி இல்லாமல் அனுப்புவது முட்டாள்தனம். காப்புறுதிக்கு மதிப்பீட்டுக் கடிதம் வேண்டும். மதிப்பீட்டாளரோ தரச்சான்று இருந்தால்தான் கடிதம் எழுதுவார். மூன்று இடத்திலும் மரியாதையாகத்தான் பேசினார்கள். அந்த மரியாதையைத்தான் தாங்கமுடியவில்லை. நானும் அதே குரலில்தான் எத்தனையோ பேரிடம் பேசியிருக்கிறேன். எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் முடிவு வர மாதக்கணக்காகும் என்றார்கள். முகூர்த்தம் மாதக்கணக்காகக் காத்திராது.

கடைசியில் அக்காவிடம் காசை வாங்கிக்கொண்டு, நான் இருக்கும் ஹென்டர்சனிலிருந்து ரயிலேறி, நகரத்தில் பழங்காசு வியாபாரம் செய்யும் ஒரு வயதான வெள்ளைக்காரரிடம் போனேன். காசைப் பார்த்ததும் கையுறையைக்கூடப் போடவில்லை. அதிலேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. நுண்ணோக்கியின் கீழ் வைத்து நெடுநேரம் பார்த்தார். எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சின்னப் பள்ளமும் ஊசிக் கீறல்களும்தான் இருப்பதாகச் சொன்னார். விளிம்பில் வேறு அடையாளங்களாவது இருந்திருக்கலாம், ஆனால் யாரோ அதையும் வழுவழுவென்று தேய்த்துவிட்டார்களாம். "சாதாரணக் காசில் பொய்யாக ஓர் எழுத்தை ஒட்டி ஏமாற்ற வருகிறவர்கள் உண்டு. இருந்த எழுத்தை எடுத்துவிட்டுக் கொண்டுவந்த ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்" என்று, நான் ஊசியால் சுரண்டியதைச் சொன்னதும் சிரித்தார். உண்மையிலேயே எழுத்து இருந்ததா என்று கேட்டேன். நிரூபிக்கமுடியாது, நிறைக்குத்தான் விலை என்றார்.

இருந்தது. அது என் விரலுக்குத் தெரியும். விரலின் சாட்சியத்தை எந்த அலுவலகமும் ஏற்பதில்லை, நானே ஏற்றிருக்கமாட்டேன்.

அக்காவிடம் காசைத் திருப்பிக் கொடுக்கும்போது சுரண்டிய கதையைச் சொன்னேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன்.

"நீ சுரண்டினனி, சரி. சுரண்டவாவது அம்மா உன்னட்டத் தந்தவ. என்னை ஒருநாள் தொட விட்டவவோ? பொம்பிளைப் பிள்ளை துலைச்சுப்போடுமாம்!"

அறுபது வருடமாக இது எனக்குத் தெரியாது. தேய்க்கும்போது அக்கா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாரா என்று யோசித்தேன். அந்த இடத்தில் எனக்கு ஒரு நினைவும் இல்லை.

வீட்டுக்குள் உருக்கினால் புகைமணி கத்தும் என்பதால், பொன்னுருக்கைக் கராஜில் வைத்தார்கள். ஒடாஹுஹுவில் ஒரு கடையில் வேலைசெய்யும், ஊரில் தொழில் பழகிய பத்தர் ஒருவர், சின்ன எரிவாயு உலையோடு வந்திருந்தார். தட்டத்தில் காசை வைக்கச் சொன்னபோது அக்கா என்னைப் பார்த்தார். நான் வாய் திறக்கவில்லை. அக்கா காசை எடுத்து உள்ளங்கையில் வைத்து, நாங்கள் எல்லோரும் காத்து நிற்க, தன் பாட்டில் இரண்டு பக்கத்தையும் பார்த்தார்.

"மினுக்கம்தான்" என்று சொல்லிவிட்டுத் தட்டத்தில் வைத்தார்.

பொன் உருக்கும் மூசைக்குள் முதலில் விளிம்பு தளர்ந்தது. பிறகு எது எப்போது போனது என்று சொல்லமுடியாதபடி எல்லாம் ஒன்றாகப் போய்விட்டது. பத்தர் பொன்னைக் கவனமாக எடுத்து எல்லோருக்கும் காட்டினார். நல்லாய் வந்திருக்கு என்றார்கள்.

இப்போது அது அக்காவின் மருமகளின் கழுத்தில் இருக்கிறது. அதில் ஆண்டு இல்லை, நாடு இல்லை, கருடனும் இல்லை. என்னிடம் உறைக்குள் இருக்கும் நான்கு காசுகளையும் இதுவரை ஒருவர் கையும் தொட்டதில்லை என்பதற்கு எழுத்தில் அத்தாட்சி உண்டு. டென்வர்க் காசுகளில் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று சேகரிப்பவர்கள் வருடந்தோறும் ஒரு பட்டியல் போடுகிறார்கள். அதில் ஒன்றைக் குறைக்க வேண்டும் என்று அறிவிப்பதற்கான படிவத்தை எல்லா இடத்திலும் தேடிப் பார்த்துவிட்டேன். அப்படி ஒரு படிவம் இல்லை.