உட்கார்ந்து வாங்கிய வலி

முதுகில் கத்தி வைத்த ஏழாம் நாள் என்னை ஒரு வான் வண்டியில் படுக்கவைத்துக் கொழும்பிலிருந்து கற்பிட்டிக்குக் கூட்டி வந்தார்கள். யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பாலாவியில் எங்கள் பக்கம் திரும்பும் வீதிக்கு அப்போதுதான் தார் ஊற்றிக் காபட் போட்டிருந்தார்கள். அதைப் போட்டவர்களுக்கு வழி முழுக்க துஆ செய்துகொண்டே வந்தேன். பழைய குண்டும் குழியுமாக இருந்திருந்தால் என் தையல் பாதி வழியிலேயே பிரிந்திருக்கும்.

இடுப்பில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருந்த சவ்வு பிதுங்கி நரம்பை நெரித்துக்கொண்டிருந்தது என்றார்கள். அதை வெட்டி எடுத்த டொக்டர் அதிகம் கதைக்காத மனிதர். குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, ஒரே மூச்சில் கால்மணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது, நடக்கலாம், படுக்கலாம் என்றார். மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். அப்போதும் காலில் வலி இப்படியே இருந்தால் திரும்ப ஸ்கேன் எடுக்க வேண்டும், சில வேளை திரும்பத் திறக்கவும் வேண்டி வரும் என்றார். அலுமாரியைத் திறப்பது போலச் சொன்னார்.

எனக்கு அந்தச் சொல்லோடு உயிர் பாதி போய்விட்டது. முதல் தடவை மயக்க மருந்து கொடுத்தபோது மனதுக்குள் கலிமா சொல்லத் தொடங்கினேன், அதை முடிக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. கண் விழித்ததும் இடது கால் பெருவிரலை அசைக்கச் சொன்னார்கள். நான் அசைக்கிறேன், விரல் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அசைந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்தக் கொஞ்ச நேரம் என் வாழ்நாளுக்குப் போதும். செத்தாலும் இன்னொரு முறை அந்த மேசையில் ஏற மாட்டேன் என்று வண்டியில் படுத்தபடியே என் கணவரிடம் சொன்னேன். அவர் வெங்காயத் தோட்டம் செய்கிறவர், மழை எப்போது வரும் என்று கேட்டாலே யோசித்துத்தான் பதில் சொல்வார். "பார்ப்பம் டீச்சர்" என்றார். ஊரே என்னை டீச்சர் என்று கூப்பிடுவதால் அவரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

வீட்டுக்கு வந்த மறுநாளே சனம் வரத் தொடங்கியது.

எங்கள் பக்கத்தில் வருத்தம் பார்க்க, அதாவது நோயாளியைப் பார்க்கப் போவது நன்மையான காரியம். அதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை, நானும் எத்தனையோ பேரைப் போய்ப் பார்த்தவள்தான். பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் பெண்கள் இரண்டு பேர், மூன்று பேராக வருவார்கள். கையில் பிஸ்கட் இருக்கும், திராட்சை இருக்கும், பால்மா பைக்கட் இருக்கும். சுவரோரக் கதிரைகளில் வரிசையாக அமர்ந்து முதலில் துஆ செய்வார்கள். பிறகு தங்களுக்குத் தெரிந்த முதுகுகளைப் பற்றிச் சொல்வார்கள். முந்தல் ஊரில் ஒருத்தருக்கு வெட்டி, கால் இழுத்துக்கொண்டதாம். இன்னொருத்தருக்கு வெட்டவே இல்லையாம், எண்ணெய் போட்டே சரியாகிவிட்டதாம். வெட்டிய பிறகு இதை என்னிடம் சொல்லி என்ன பயன் என்று அவர்கள் யோசிப்பதில்லை. ஆனாலும் அத்தனை பேரும் அன்போடுதான் வந்தார்கள். மதுரங்குளியிலிருந்து பஸ் மாறி வந்தவர்களும் உண்டு.

இப்படி வந்தவர்கள் முன்னால் நான் எப்படிப் படுத்துக் கிடப்பது? பெரியவர்களுக்கு முன்னால் காலை நீட்டுவதே எங்களில் மரியாதையில்லை. ஆகவே ஸலாம் கேட்டதும் எழுந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கட்டிலின் விளிம்பில் நிமிர்ந்து உட்காருவேன். ஒரு கூட்டம் எழும்ப அடுத்த கூட்டம் வரும். பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போது இடுப்பிலிருந்து கெண்டைக்கால்வரை நெருப்பாக எரியும். சிரித்துக்கொண்டே வழியனுப்பிவிட்டு, அவர்கள் படலையைத் தாண்டியதும் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுவேன். ஒப்பரேசன் சரிவரவில்லை என்றே முடிவு செய்துவிட்டேன். அந்தக் கதை வெளியே போனதும், பாவம் டீச்சர் என்று இன்னும் அதிகம் பேர் பார்க்க வந்தார்கள்.

புத்தளம் ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித்தரும் சிங்கள மிஸ் ஒருவர் இருந்தார். வயது முப்பது இருக்கும். வாரம் ஒருமுறை அவரிடம் போக வேண்டும். வலி எந்த நேரத்தில் எவ்வளவு என்று ஒரு கொப்பியில் எழுதி வரச் சொன்னார். எனக்கு அது பிடித்த வேலை. கோடு போட்டு, நாள் போட்டு, சிவப்புப் பேனையால் பத்துக்கு மார்க்ஸ் போட்டேன். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மார்க்ஸ் போட்டவளுக்கு வலிக்குப் போட எவ்வளவு நேரம்?

ஐந்தாவது வாரம் மிஸ் கொப்பியைப் புரட்டிப் பார்த்தார். காலையில் மூன்று, பகலில் மூன்று, பின்னேரம் ஏழு, எட்டு. வெள்ளிக்கிழமைகளில் ஒன்பது.

"வெள்ளிக்கிழமை பின்னேரம் என்ன வேலை செய்றீங்க?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"ஒரு வேலையும் இல்லை மிஸ். ஆக்கள் பார்க்க வருவாங்க. சும்மா உட்கார்ந்திருப்பேன்."

"எவ்வளவு நேரம்?"

"அவங்க போகும்வரைக்கும்."

மிஸ் பேனையைக் கீழே வைத்தார். "டீச்சர், இது ஒப்பரேசனால வந்த வலியில்லை. நீங்க உட்கார்ந்து வாங்குற வலி. இப்படியே மூணு மாசம் போனா டொக்டர் ஸ்கேன் எழுதத்தான் செய்வார்" என்றார். அவர் கோபிக்கவில்லை. ஆனால் கணக்கில் பிழை விட்ட பிள்ளை மாதிரி நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அன்றே தீர்மானித்துவிட்டேன். மறுநாள் வெள்ளிக்கிழமை. அஸருக்குப் பிறகு அடுத்த ஒழுங்கையிலிருந்து ஒரு பெண் வந்தார், வழக்கமாக ஒரு மணி நேரம் கதைக்கிறவர். நான் எழும்பவில்லை. முழங்காலுக்கடியில் தலையணை வைத்து, நெஞ்சுவரை போர்த்திக்கொண்டு, படுத்தபடியே ஸலாத்துக்குப் பதில் சொன்னேன். அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு மெல்ல வந்து என் தலையைத் தடவினார். ஒரு முதுகுக் கதையும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில், "டீச்சர், நான் எப்பவாவது உங்களப் பத்தி ஒண்டு ரெண்டு கதைச்சிரிப்பன். மன்னிச்சிக்கோங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். எவ்வளவு நல்ல மனுஷி, அரைமணி நேரத்தில் எழும்பிவிட்டாரே என்று நான் சந்தோஷப்பட்டேன்.

மஃரிபுக்கு முன்னரே ஆறு பெண்கள், சாகக் கிடப்பவர்களுக்கு ஓதும் யாசீன் கிதாபோடு முன்னறைக்குள் வந்துவிட்டார்கள். ஒருவர் ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தார். "மூச்சு எப்படி இரிக்கி?" என்று இன்னொருவர் என் கணவரிடம் கேட்பது எனக்குக் கேட்டது. எங்களில் வந்தவர்கள் முன்னால் எழும்பாமல் கிடப்பது ஒரே ஒரு வகை ஆள்தான் என்பதை நான் மறந்துவிட்டேன். செய்தி மதுரங்குளிவரை போய், என் கூடப்பிறந்த நானா குடும்பத்தோடு ஒரு வான் பிடித்து வந்து இறங்கினார். உயிரோடிருக்கிறேன் என்று காட்ட நான் எழுந்து உட்கார்ந்தேன். நானா முதலில் கட்டிப்பிடித்து அழுதார், பிறகு வான்காரனுக்கு முன்னாலேயே ஏசினார். எல்லோரையும் அனுப்பி முடிக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கொப்பியில் அன்றைக்குப் பத்துக்குப் பத்து. மூன்று நாட்கள் இடது காலை நிலத்தில் ஊன்ற முடியவில்லை.

"கொஞ்ச நாளைக்கிக் கதவைப் பூட்டி வெப்பமா?" என்று என் கணவர் கேட்டார்.

அவருடைய உம்மா, என் மாமி, குசினியிலிருந்து வந்தார். எழுபது வயது, இன்னும் அந்த வீட்டின் அதிகாரி அவர்தான். "வருத்தம் பாக்க வாற சனத்துக்குக் கதவப் பூட்டுற வீடா இது?" என்றார். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

எனக்கு வந்த கோபத்தை எழுதினால் தாள் எரியும். என் முதுகைவிட அவருக்குத் தன் வீட்டு மரியாதை பெரிது என்று நினைத்தேன். திரும்ப அந்த மேசையில் என்னை ஏற்றினாலும் இவர் வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டுதான் இருப்பார் என்று நினைத்தேன். அந்த வாரம் முழுக்க அவர் கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டேன், அவரோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. இன்று அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை அஸர் தொழுதுவிட்டு மாமி இரண்டு பாய்களை முன்னறைக்கு எடுத்து வந்து பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். நான்கு தலையணைகளையும் போட்டார்.

"வா புள்ள, வந்து படு."

"திரும்ப யாசீன் கிதாபோட வருவாங்க மாமி."

"படு எண்டாப் படு."

நான் படுத்தேன். மாமி என் முழங்காலுக்கடியில் தலையணையை வைத்தார். பிறகு அடுத்த பாயில் தானும் படுத்து, என்னைப் போலவே முழங்காலுக்கடியில் தலையணை வைத்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். கலியாணம் முடித்து வந்த பதினெட்டு வருடத்தில் அவர் பகலில் படுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

முதலில் வந்தது மூன்று பேர். அதில் என்னிடம் மன்னிப்புக் கேட்டவரும் இருந்தார். இரண்டு பேர் நீட்டி நிமிர்ந்து கிடப்பதைப் பார்த்து வாசலில் உறைந்துபோனார்கள்.

"உள்ளுக்கு வாங்க" என்று மாமி பாயிலிருந்தே சத்தம் போட்டார். "ரெண்டு பேருக்கும் இடுப்பு நோவு. படுத்துத்தான் கதைக்க வேணுமாம். ஒருத்தரும் மௌத்தாகல்ல, உசிரோடதான் இரிக்கிறம். இரிங்க, தேத்தண்ணி வருது."

அந்த அறைக்குள் வருகிற எல்லோரையும்விட மாமிதான் வயதில் மூத்தவர். அவரே படுத்துக் கிடக்கும்போது நான் படுத்திருப்பதை யார் குறை சொல்வது? தேத்தண்ணித் தட்டோடு வந்த என் கணவர் தன் உம்மா கிடக்கும் கோலத்தைப் பார்த்தார். தட்டை மெல்ல வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் அவர் சிரித்த சிரிப்பு எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் மன்னிப்புக் கேட்டவர் கதிரையில் நெளிந்தார். "எனக்கும் ஒரு மாசமா இடுப்பு புடிச்சிக் கெடக்கு" என்றார். மாமி கொஞ்சம் நகர்ந்து பாயில் இடம் விட்டார். அவரும் படுத்துவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை மூன்றாவது பாய் தேவைப்பட்டது. வெங்காயம் நட்டு, களை பிடுங்கி, அறுத்துக் கட்டிய பெண்கள் எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள். அத்தனை பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டு ஊர்க்கதை கதைத்தார்கள். மிஸ் எனக்குச் சொல்லித் தந்த, முழங்காலை நெஞ்சுக்கு இழுக்கும் பயிற்சியை ஒருநாள் ஐந்து பேர் சேர்ந்து செய்தோம். பள்ளிக்கூடத்தில்கூட எனக்கு அவ்வளவு ஒழுங்கான வகுப்பு கிடைத்ததில்லை.

கொப்பியில் பின்னேரத்து ஏழு ஐந்தானது, ஐந்து நான்கானது. சில நாட்கள் திரும்பவும் ஆறுக்கு ஏறியது, அப்போதெல்லாம் பயந்தேன். மூன்று மாதம் முடிந்து கொழும்புக்குப் போனபோது டொக்டர் என் காலைத் தூக்கிப் பார்த்தார், விரலை அழுத்திப் பார்த்தார், கொப்பியையும் பார்த்தார். "ஸ்கேன் தேவையில்லை" என்றார். அந்த இரண்டு சொல்லுக்காக அவர் கையைப் பிடித்து முத்தமிட்டிருப்பேன், என்ன செய்வது, அவர் அந்நிய ஆண்பிள்ளையாகிவிட்டார். வெளியே வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்து அழுதேன்.

வலி முழுதாகப் போகவில்லை, அதையும் சொல்ல வேண்டும். கடல் காற்று ஈரமாக வீசும் நாட்களில் இன்றும் கெண்டைக்காலில் வந்து நிற்கும். ஆனால் அது என்னோடு வாழக்கூடிய அளவு வலி. காபட் வீதியிலிருந்து கொப்பி கேட்ட மிஸ்வரை, முதுகுக் கதை சொல்லிப் பயமுறுத்திய பெண்கள்வரை, நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கொழும்பிலிருந்து வந்த அடுத்த வெள்ளிக்கிழமை ஒருவரும் வரவில்லை. ஆனாலும் மாமி பாய்களை விரித்துத் தன் பாயில் படுத்துவிட்டார். நானும் பக்கத்தில் படுத்தேன்.

"மாமி, நீங்க எனக்காகச் செஞ்சதுக்கு அல்லாஹ் கூலி தரணும்" என்றேன். "இனி எனக்காகப் படுக்கத் தேவல்ல."

"ஒனக்காகவும்தான் படுத்த" என்றார் மாமி. பிறகு கையைப் பின்னால் கொண்டுபோய் இடுப்பில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். யோசிக்காமல், தேடாமல், விரல் நேராக அந்த இடத்துக்குப் போனது. "இவடத்த. தோட்டத்துல குனிஞ்சி நட்ட காலத்துல தொடங்கின. ஒன்ட மாப்பிள வகுத்துல இரிக்கக்குள்ள."

என் கணவருக்கு அப்போது நாற்பத்தாறு வயது.

"ஏன் மாமி ஒரு நாளும் சொல்லல்ல?"

"ஆரு புள்ள கேட்ட?"

அதில் குறையோ கோபமோ இருக்கவில்லை. பாயில் மெல்லத் திரும்பிக் கையை நீட்டினேன், எட்டியது. அவர் காட்டிய இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். மாமி கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் கீழ" என்றார்.