ஒற்றைக் கோட்டால் அடித்த ஐந்து

இயற்பியல் என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது கழுத்து வலிதான். அதற்குப் பிறகு கோபம். இரண்டும் இன்னும் முழுசாகப் போகவில்லை.

அறுபதுகளின் நடுவில் எஸ்.எஸ்.சி. முடித்த கையோடு பம்பாய் மாட்டுங்காவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். அது இப்போது அங்கே இல்லை. எங்கள் வீடு இருந்த தாராவியிலிருந்து நடந்தே போய்விடலாம். வரிசையாக ஒற்றை அறை வீடுகள் இருந்த எங்கள் சாலில் படிப்பு முடித்த பெண்கள் நர்ஸ் வேலைக்குப் போனார்கள், இல்லையென்றால் கல்யாணமாகிப் போனார்கள். சயன்ஸ் வேலைக்குப் போனவள் நான் ஒருத்திதான். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வெளியே வந்ததும், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் என் வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டு நிற்பார். என்ன வேலை என்று அவருக்குச் சரியாகத் தெரியாது. மகள் மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறாள், அது போதும்.

வேலை இதுதான். பலூனில் கட்டி வெகு உயரத்துக்கு அனுப்பிய போட்டோ பிளேட்டுகள் கீழே இறங்கி வரும். அவற்றைக் கழுவினால், ஆகாயத்திலிருந்து பாய்ந்த துகள்கள் போன வழியெல்லாம் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். ஏதாவது ஒன்று மோதிச் சிதறினால் ஒரே இடத்திலிருந்து நாலைந்து கோடுகள் கிளம்பும். விஞ்ஞானிகள் அதை நட்சத்திரம் என்றார்கள். பார்த்துப் பார்த்துக் கண் சிவந்த நாங்கள் நண்டு என்போம். நண்டு எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, அதற்கு எத்தனை கால் என்று நோட்டில் எழுத வேண்டும். ஒரு பிளேட்டை ஓரத்திலிருந்து ஓரம் வரை பார்த்து முடிக்க ஒரு வாரம் ஆகும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும் என்று அம்மா சொல்லி அனுப்பினாள். அங்கே உண்மையிலேயே எண்ணெய் விட்டார்கள், ஆனால் லென்ஸுக்கும் பிளேட்டுக்கும் நடுவில்.

எங்களுக்கு மேலே இருந்தவரை சார் என்று மட்டும் சொல்கிறேன். தமிழர், மெதுவாகப் பேசுவார், யாரையும் அதட்ட மாட்டார். முதல் நாளே அவர் எனக்குச் சொன்ன விதி, எழுதியதை ரப்பர் வைத்து அழிக்கக் கூடாது என்பது. தப்பாக எழுதிவிட்டால் அதன் மேல் ஒற்றைக் கோடு போட்டுப் பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். பழையது படிக்கத் தெரிய வேண்டும். தப்பும் ஒரு தகவல்தான் என்றார். என்ன மனிதர் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் அடித்தல் திருத்தல் இருந்தால் முட்டியில் ஸ்கேலால் அடித்தார்கள். இங்கே ஒருவர் தப்பை மறைக்காதே என்கிறார்.

இன்னொரு விதியும் இருந்தது. ஒரே பிளேட்டை இரண்டு பெண்கள் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஏன் என்று கேட்டேன். சார் பொறுமையாக விளக்கினார். ஒரே முறத்து அரிசியில் இரண்டு பேர் கல் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள். கல்லை எடுக்கக் கூடாது, இருக்கும் இடத்தை எழுத மட்டும் செய்யலாம். இரண்டு பட்டியலிலும் பெரும்பாலும் அதே கற்கள் இருந்தால், இருவர் கண்ணுக்கும் தப்பியவை கொஞ்சம்தான். பட்டியல்கள் ஒன்றோடொன்று ஒட்டாவிட்டால் தப்பியவை நிறைய. இப்படியே யாருமே பார்க்காத கற்கள் எத்தனை என்று கணக்குப் போட்டுவிடலாம். பார்க்காததையும் எண்ண முடியுமா என்று எனக்குப் புல்லரித்தது. ஒரே ஒரு நிபந்தனை. ஒருத்தி எழுதியதை மற்றவள் பார்க்கவே கூடாது.

என் பிளேட்டைப் பார்த்த மற்றவள் செம்பூரிலிருந்து வந்தாள். அவள் அப்பா ஏதோ கம்பெனியில் பெரிய குமாஸ்தா. சார் குடும்பமும் அவர்கள் காலனியில்தான் இருந்தது. பால் வடியும் முகம், தழையத் தழையப் பின்னல். எங்கள் இருவருக்கும் ஒரே மைக்ராஸ்கோப், ஒரே டிராயர், ஒரே சாவி. காலையில் நான், மத்தியானம் அவள். ஒரு மணிக்கு மாறிக்கொள்வோம். அவள் அரை மணி முன்னாடியே வந்துவிடுவாள், இருவரும் பின்படியில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறப்போம். என் டப்பாவில் நெத்திலிக் கருவாடு இருந்தால் என்னைவிட அவள்தான் அதிகம் தின்பாள். தின்றுவிட்டு வீட்டுக்குத் தெரியாமல் இருக்க ஏலக்காயை மெல்லுவாள். எனக்குச் சிரிப்பாக வரும். கூடப் பிறந்த அக்கா தங்கை எனக்கு இல்லை, இவள் இருக்கிறாளே என்று நினைத்துக்கொள்வேன். அப்படியே ஒரு வருஷம் போனது.

அவளுக்கு ஒரு மணி நேரம் பார்த்தாலே தலை வலிக்கும். என்னிடம் சொல்வாள், சாரிடம் சொல்ல மாட்டாள். வீட்டில் தான்தான் அங்கே முதல் என்று சொல்லி வைத்திருந்தாள். நான் அவள் நெற்றியில் அமிர்தாஞ்சன் தடவிவிட்டு, சாவியைக் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடப்பேன். அவள் டிராயரைத் திறந்து எந்த நோட்டை எடுக்கிறாள் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? தோன்றவே இல்லை. மக்கு என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஒரு நண்டுக்கு ஐந்து கால் என்று எழுதினேன். ராத்திரி படுத்த பிறகும் அந்த ஐந்தாவது கால் உறுத்தியது. மறுநாள் காலையில் போனதும் அதையே திரும்ப எடுத்து, குமிழைத் திருப்பி மெதுவாக ஆழத்துக்கு இறக்கிப் பார்த்தேன். நாலு கால்களும் கூடவே உள்ளே இறங்கின. ஐந்தாவது மேலேயே நின்றுவிட்டது. அது கால் இல்லை, பிளேட்டின் மேல் விழுந்த கீறல். விதிப்படி ஐந்தின் மேல் ஒற்றைக் கோடு போட்டுப் பக்கத்தில் நாலு என்று எழுதினேன். அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

அந்த வாரக் கடைசியில் சார் இருவர் நோட்டையும் வாங்கிக்கொண்டு போனார். திங்கட்கிழமை எங்கள் இருவரையும் கூப்பிட்டார். இரண்டு நோட்டும் மேஜை மேல் பக்கம் பக்கமாகத் திறந்திருந்தன.

நண்டு இருக்கும் இடத்தைப் பித்தளை ஸ்கேலில் பார்த்து எழுதுவோம். இரண்டு கோட்டுக்கு நடுவே விழுந்தால் கடைசி இலக்கத்தைக் கண் மதிப்பில் போடுவோம். நான் மூன்று என்று நினைப்பதை இன்னொருத்தி நாலு என்பாள். கடைசி இலக்கம் அவரவர் கைநாட்டு மாதிரி என்று சார் சொன்னார். எங்கள் இரண்டு நோட்டிலும் பக்கம் பக்கமாகக் கடைசி இலக்கம்கூட ஒன்றாகவே இருந்தது. போதாததற்கு அவள் நோட்டிலும் அந்த நண்டுக்கு ஐந்து கால். ஒருத்தி மற்றவளைப் பார்த்து எழுதியிருக்கிறாள், யார் என்று கேட்டார்.

எனக்கு முதலில் புரியவே இல்லை. அவளைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவள் என்ன செய்தாள் என்று தெரிந்த அந்த நிமிஷத்திலும், பாவம், மாட்டிக்கொண்டாளே என்றுதான் நினைத்தேன். தலைவலியைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொள்வாள், நானும் சேர்ந்து கெஞ்சலாம் என்று நின்றேன்.

அவள் அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே விரலை நீட்டி என் நோட்டைக் காட்டினாள்.

"என் நோட்டைப் பாத்து அஞ்சுன்னு எழுதிருக்கா சார். அப்பறம் மாட்டிப்போம்னு பயந்து, அடிச்சு நாலுன்னு மாத்திருக்கா. பாருங்கோ."

நான் தப்பை மறைக்காமல் விட்ட இடத்தைத்தான் அவள் காட்டினாள். அழித்திருந்தால் ஒன்றுமே இருந்திருக்காது. நான் திருத்துவதற்கு முன், செவ்வாய் மத்தியானமே அவள் பார்த்து எழுதியிருக்க வேண்டும். ஆனால் எந்த வரியை எந்த நாள் எழுதினோம் என்று குறிக்கிற வழக்கம் அங்கே இல்லை. நாலுதான் சரி, நீங்களே பாருங்கள் என்றேன். சார் பார்த்தார். நாலு சரிதான் என்றார். ஆனால் எது சரி என்பது, யார் முதலில் எழுதினார்கள் என்பதைச் சொல்லிவிடாது என்றார். அதுவும் நியாயம்தான், அந்த ஆத்திரத்திலும் எனக்கு அது புரிந்தது.

அந்த அறையை விட்டு வெளியே வந்ததும் வராந்தாவில் அவள் கையைப் பிடித்து நிறுத்தி, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். என்ன கேட்டேன் என்று எழுதினால் அச்சில் வராது. அவள் கையை உதறிக்கொண்டு, உனக்கென்ன, நீ வேற வேலைக்குப் போயிடுவே என்றாள். கருவாட்டைச் சொல்லிவிடுவேன் என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் நானும் அவளும் ஒன்று.

திரும்ப சாரிடமே போனேன். ஆளுக்கொரு புதுப் பிளேட் கொடுங்கள், தனித்தனி அறையில் உட்கார வையுங்கள், டிராயர் சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். பார்க்காத கல்லையே எண்ணத் தெரிந்தவருக்கு இது கஷ்டமா? அவர் சரி என்றார். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அந்த வாரம் முழுக்கக் கண் இமைக்காமல் பார்த்தேன். வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஜெயித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அப்பாவின் மகள் திருடி இல்லை என்று ஆக வேண்டும், எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

அடுத்த திங்கட்கிழமை சார் என்னை மட்டும் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். இரண்டு பிளேட்டிலும் ஒரு பகுதியை அவரே உட்கார்ந்து பார்த்திருக்கிறார். நான் விட்டது ஒன்றிரண்டு. அவள் விட்டது பாதிக்குப் பாதி.

"நீ பாத்து எழுதலேன்னு எனக்குத் தெரியும்மா," என்றார்.

எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அப்படியென்றால் எல்லோர் முன்னாடியும் சொல்லுங்கள் சார் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டார், திரும்பக் கழற்றினார். அவள் இந்த ஒரு பிளேட்டில் மட்டும் பார்த்து எழுதினாளா, இல்லை வருஷம் முழுக்கவா என்று யாராவது கேட்பார்கள் என்றார். வருஷம் முழுக்க என்றால், எங்கள் பட்டியல்கள் ஒட்டியதை வைத்துப் போட்ட கணக்கெல்லாம் தப்பு. தப்பியவை கொஞ்சம்தான் என்று அவர் எழுதிய கட்டுரை ஏற்கெனவே வெளிநாட்டுக்குப் போய்விட்டது. நல்ல கண் உள்ள நீ ஒரே ஒரு பிளேட்டில் பார்த்து எழுதினாய் என்றால் நம்புவார்கள், அந்த ஒரு பிளேட்டைத் தள்ளிவிடலாம். மற்றதெல்லாம் நிற்கும் என்றார்.

"தப்பும் ஒரு தகவல்னு நீங்கதான சார் சொன்னீங்க," என்றேன்.

உன்மேல் திருட்டு என்று எதுவும் எழுத மாட்டேன், கௌரவமாகப் போகிற மாதிரி காரணம் எழுதித் தருகிறேன் என்றார். அவருக்கு என்னிடம் உண்மையாகவே இரக்கம் இருந்தது. அதுதான் இன்றைக்கும் என் வயிற்றெரிச்சல். அந்தப் பெண் பயத்தில் கழுத்தறுத்தாள், அவளுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. இவர் அளந்து பார்த்தார், உண்மை எது என்று கண்டுபிடித்தார், பிறகு நிதானமாக அதை மூடி வைத்தார். இவரைப் போய் மனதுக்குள் பாதிரியார் மாதிரி நினைத்திருந்தேன்.

ஆங்கிலத்தில் டைப் அடித்த அந்தக் கடிதத்தை வீட்டுக்குப் போகிற வழியில் பிரித்துப் படித்தேன். நல்ல ஒழுக்கம், நேரம் தவறாதவர், ஆனால் கண் பார்வைக் குறைவினால் இந்த வேலைக்குத் தொடர்ந்து ஏற்றவர் இல்லை. அந்த அறையிலேயே நல்ல கண் என்னுடையது என்று அளந்து பார்த்தவர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அப்பா கடிதத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார். அவருக்குக் கோபமே வரவில்லை, பயந்து போனார். நான் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா அழ, அப்பா சட்டையை மாட்ட, எல்லோரும் என் கண்ணைப் பற்றியே பேசினார்கள். சரி, முதலில் கண் நன்றாக இருக்கிறது என்று தெரியட்டும், பிறகு சொன்னால் நம்புவார்கள் என்று நினைத்தேன். சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டு அப்பா என்னை மாட்டுங்காவில் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப்போனார். சுவரில் தொங்கிய அட்டையில் கடைசி வரி வரைக்கும் படித்தேன். அதோடு விடவில்லை. அட்டையின் அடியில் பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் ஊரையும் படித்தேன். டாக்டர் எழுந்து போய், கிட்டக் குனிந்து, நான் படித்தது சரிதானா என்று பார்த்துவிட்டு வந்தார். இந்தப் பெண்ணுக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை, யார் சொன்னார்கள் என்று இந்தியில் அப்பாவிடம் கேட்டார்.

நான் சிரித்துவிட்டேன். அவ்வளவு நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன். இதோ, இன்னொருவர் அளந்து சொல்லிவிட்டார். கடிதம் பொய் என்று ஆகிவிட்டது.

அப்பா டாக்டருக்கு சலாம் வைத்துவிட்டு வெளியே வந்தார். ஸ்டேஷன் பக்கம் வரை நடந்தோம். ரயில் பாலத்துப் படியில் பாதி ஏறியதும் நின்றார். பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து, திறக்காமல் கையில் வைத்துக்கொண்டே என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. பெரிய படிப்புப் படிச்சவரு பொய் எழுத மாட்டாரு, ஒம் மானத்தக் காப்பாத்தத்தான் இப்படி எழுதியிருக்காரு. அப்பம் அங்க நீ என்னட்டி செஞ்ச?"