சோதனைக்கு எடுத்த சந்து

போலாரத்தில் எங்கள் சந்தில் யாரையும் நம்பாத மனுஷி என்றால் அது மரியபுஷ்பம் ஆன்ட்டிதான். காஸ் சிலிண்டர் வந்தால் எடை போட்டுக் காட்டாமல் உள்ளே விடமாட்டார். வேலைக்காகக் கோயம்புத்தூரிலிருந்து வந்து பக்கத்து வீட்டில் குடியேறிய என்னிடம் அவர் முதலில் கேட்டது, "கம்ப்யூட்டர் வேலைன்னா யாரு கம்ப்யூட்டர்? அதுல என்ன பாப்பே?" ஒரு பள்ளி விடுதியில் சாமான் அறைச் சாவியை வருஷக்கணக்கில் இடுப்பில் செருகியிருந்தவர். அந்த வேலையில் எல்லோரையும் சந்தேகப்பட்டுப் பழகிவிட்டதாம். எனக்கு அவரைச் சீண்டுவது ஒரு பொழுதுபோக்கு.

அவர் கணவர் தேவசகாயம் அங்கிள் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருக்கிறார். தினமும் உடம்பைத் துடைத்துவிட்டு விரிப்புகளைத் துவைத்தாக வேண்டும். குழாய்த் தண்ணீரோ ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும், எந்த நேரம் என்று சொல்ல முடியாது. மற்ற வீடுகளில் தரைக்கடியில் தொட்டி இருப்பதால் அது பாட்டுக்கு நிரம்பிவிடும். ஆன்ட்டியின் பழைய ஓட்டு வீட்டில் தொட்டி கிடையாது, வாசலில் ஒரே ஒரு குழாய். அதைத் திறந்தே விட்டு, கீழே காலி எவர்சில்வர் வாளியை வைத்திருப்பார். வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் அங்கிள் பக்கத்திலிருந்து எழுந்து ஓடிவந்து குடங்களை நிரப்புவார்.

அப்போதுதான் அந்தப் புதுச் சட்டம் வந்தது. உள்ளாட்சி அமைப்புகள் தங்கள் பகுதிப் பிரச்சினைக்குப் புதுத் தொழில்நுட்பம் எதையாவது ஒரு சின்ன இடத்தில் சோதித்துப் பார்க்கலாம், அங்கே குடியிருப்பவர்களைக் கேட்டபிறகு ஊர் முழுக்கக் கொண்டுபோகலாம் என்பது சட்டம். அதற்கு எங்கள் சந்துதான் அகப்பட்டது. தண்ணீர் வீணாவதைத் தடுக்க வீட்டுக்கு வீடு குழாயில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. கசிவு என்று தெரிந்தால் அதுவே மூடிவிடுமாம், அடுத்த தடவை தண்ணீர் விடும்போது திறக்குமாம்.

"கைக்கு எங்க சந்து? பெரிய ஆபீசருங்க காலனியில மாட்ட வேண்டியதுதானே? எனக்கு நக்கோ" என்றார் ஆன்ட்டி. ஏன் என்பதைக் 'கைக்கு' என்றும் வேண்டாம் என்பதை 'நக்கோ' என்றும் இந்த ஊர் உருதுவில்தான் சொல்வார்.

"சும்மா சோதனைதானுங்க ஆன்ட்டி."

"எலியை வெச்சுப் பண்றதுக்குப் பேருதான் சோதனை. நான் எப்பக் குளிக்கிறேன், எப்ப வெளிய போறேன்னு அந்தப் பொட்டி யாருக்கோ சொல்லப் போவுது பாரு."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் விடவில்லை. ஆட்கள் மாட்டிவிட்டுப் போனதும் ஒரு பழைய துண்டைப் பெட்டியின் மேல் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டார்.

அதற்கப்புறம் ஆன்ட்டி வீட்டில் தண்ணீர் சரியாக வரவே இல்லை. அரை வாளி விழும், நின்றுவிடும். தண்ணீர் திறந்துவிடும் ஆள் பழிவாங்குகிறார் என்றார். பிறகு என் வீட்டு மோட்டார்தான் உறிஞ்சுகிறது என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. மோட்டாரை நிறுத்திக் காட்டினேன். அப்போதும் அரை வாளிதான். தண்ணீர் ஆபீசில் புகார் கொடுத்தால், உங்கள் லைனில் குறை எதுவும் காட்டவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த வயதில் ஆன்ட்டி என் வீட்டுத் தொட்டியிலிருந்து குடம் குடமாகச் சுமந்தார். தண்ணீரை மிச்சம் பிடிக்க விரிப்பைத் தினமும் துவைக்காமல் விட்டார். அங்கிளின் முதுகில் புண் வந்துவிட்டது. இப்போது எனக்கே என்னவோ சரியில்லை என்று தோன்றியது.

கருத்துக் கேட்கும் கூட்டம் சமுதாயக் கூடத்தில் நடந்தது. அதிகாரியும், பெட்டியைச் செய்த கம்பெனியின் இன்ஜினியர் ஷர்மிளாவும் வந்திருந்தார்கள். ஷர்மிளா இதே ஊரில் லாலாகூடா பகுதியில் வளர்ந்த தமிழ்ப் பெண்.

"இந்தச் சந்துல ஒரு வீட்ல மட்டும் பெரிய கசிவு. தண்ணி விட்டப்பல்லாம் நிக்காம ஓடியிருக்கு. ஒவ்வொரு தடவையும் பெட்டி மூடிடுச்சு. அந்தத் தண்ணி மத்த வீடுகளுக்குப் போயிருக்கு. எங்க சோதனைக்கு இதுதான் முதல் வெற்றி" என்று திரையில் அந்த வீட்டு எண்ணைக் காட்டினாள் ஷர்மிளா. கூட்டம் கை தட்டியது. நான் எண்ணைப் பார்த்தேன். அது ஆன்ட்டியின் வீடு.

"கசிவு இல்லம்மா. கொழாயத் தொறந்து வெச்சிருந்தேன். இல்லாட்டி தண்ணி வர்றது எனக்கு எப்படித் தெரியும்?" என்று ஆன்ட்டி எழுந்தார்.

ஷர்மிளாவின் முகம் மாறியது. தொட்டி உள்ள வீட்டில் நிற்காமல் ஓடினால் தொட்டி நிரம்புகிறது என்றும், தொட்டி இல்லாத வீட்டில் ஓடினால் குழாய் உடைந்திருக்கிறது என்றும் பெட்டிக்குச் சொல்லி வைத்திருக்கிறார்களாம்.

"உடைஞ்சிருக்குன்னு தெரிஞ்சா சரி பண்ண ஒரு ஆளாவது வரணுமில்லைங்க?" நான் கத்தியே விட்டேன்.

"மூடியாச்சுன்னு பதிவாயிடும் மேடம். அதனால யாரையும் அனுப்பறதில்ல" என்றாள் ஷர்மிளா.

ஆன்ட்டி குரலை உயர்த்தவில்லை. "அந்தப் பொட்டி என்னை வேவு பாக்குதுன்னு பயந்தேன்மா. யாராச்சும் நெசமாவே பாத்திருந்தா, அவரு முதுகு இப்படிப் புண்ணாயிருக்காதே."

ஷர்மிளா தலை குனிந்துகொண்டாள். அதிகாரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சட்டப்படி கேட்டாக வேண்டும், சோதனை தொடரலாம் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார்.

கொஞ்ச நாளாக எங்கள் சந்தில் மற்ற வீடுகளுக்குத் தண்ணீர் நல்ல வேகத்தில் வந்துகொண்டிருந்தது. ஒரு கை தயங்கித் தயங்கி எழுந்தது. அதைப் பார்த்து இன்னொன்று, பிறகு பாதிச் சந்து. ஆன்ட்டி யாரையும் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டார். தூக்கியவர்கள் யார் யார் என்று நான் பார்த்து வைத்துக்கொண்டேன்.