புடலங்காயும் நாசமறுப்பும்

அகராதியைப் பார்த்தால் நாசம் என்பது முழு அழிவு. எங்கள் வீட்டில் அது குடை விரியாதபோது வரும் சொல். குக்கர் விசிலடிக்காவிட்டால் ‘நாசமறுப்பு’, மின்சாரம் நின்றால் ‘நாசமறுப்பு’, கைபேசி மணியடித்துவிட்டு ஓய்ந்தால் அதுவும் ‘நாசமறுப்பு’. ஒரு காலைப்பொழுதில் மட்டும் மனைவி பதினாலு தரம் சொன்னதை எண்ணியிருக்கிறேன். சண்டைக்காலத்தில் இடம்பெயர்ந்து திரும்பி வந்து, கூரையில்லாத வீட்டின் முன் நின்றபோது அவள் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. விளக்குமாறு எங்கே என்றுதான் கேட்டாள்.

சென்ற மாதம், கோயில் அன்னதானத்துக்குப் பதினொரு புடலங்காய் தருவதாக ஒப்புக்கொண்டேன். பந்தலில் தேறியதும் சரியாகப் பதினொன்றுதான். வளையாமல் நீளட்டும் என்று ஒவ்வொன்றின் நுனியிலும் நூலில் கல் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். சுவாமிக்கென்று விட்ட காய் தொங்கும் வீட்டு வளவில் இப்படியொரு சொல் நாள் முழுக்கக் கேட்பது எனக்கு அந்தரமாக இருந்தது. நித்திரையும் குறைந்தது.

“இஞ்சேரும், காய் கோயிலுக்குப் போகுமட்டும் அந்தச் சொல்லை விட்டிரும்,” என்றேன்.

“ஓம். சமையலையும் விடட்டோ?”

கேலி செய்தாலும் சொன்னபடி நடந்தாள். விரியாத குடையைப் பேசாமல் மூலையில் சாத்தினாள். வீடு அமைதியாகிவிட்டது. எனக்குத்தான் எண்ண ஒன்றுமில்லாமல் போயிற்று.

அன்னதானத்துக்கு நாலு நாள் இருக்கையில், அடுத்த வளவு ஆடு வேலியில் ஓலை விலகிய பொட்டால் நுழைந்து பந்தலுக்குக் கீழே வந்து நின்றது. மனைவி “சூ” என்றாள். “போ” என்றாள். ஆடு அவளை ஒருதரம் பார்த்துவிட்டு, முதல் காயில் தொங்கிய நூலைக் கவ்வியது. அதற்குச் சூவும் தெரியாது, போவும் தெரியாது. இத்தனை காலமும் எங்கள் வளவில் அது கேட்டது ஒரே சொல்லைத்தான். அந்தச் சொல்லுக்குப் பின்னால் பூவரசந்தடி பறந்து வரும் என்பது அதன் அனுபவம்.

மனைவி கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“நீங்கள்தானே சொல்லவேண்டாமெண்டு சொன்னனீங்கள்.”

நூல் முடிந்து காய் தொடங்க ஒரு சாண் கூட இல்லை. நான் கதிரையை விட்டு எழும்பி, ஒழுங்கையில் போவோர் எல்லாருக்கும் கேட்கும்படி, “நாசமறுப்பு!” என்று கத்தினேன். ஆடு வாயில் நூலும் கல்லும் தொங்கத் தொங்கப் பொட்டுக்குள் பாய்ந்து மறைந்தது.

ஓடிப்போய் எண்ணினேன். காய் பதினொன்றும் பற்படாமல் இருந்தன. கல் பத்துத்தான்.

மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறொரு கல்லைப் பொறுக்கி வந்து கட்டினாள். நூல் இரண்டு தரம் வழுக்கியது. வாய்க்குள் ஏதோ சொன்னாள். நான் கேளாதவன்போல மறுபடி எண்ணத் தொடங்கினேன்.

பதினொன்றும் நேராகவே கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தன.